களை எதுவெனத் தீர்ப்பவர் யார்?

களை என்னும் பெயருடன் எச்செடியும் முளைப்பதில்லை. மண் முளைப்பிப்பது செடியை. அச்செடியைக் களையாக்குவது உழவரின் தீர்ப்பு. நம் முன்னோர் இவ்வுண்மையைச் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர். கட்டல், களைதல், களை என்பன யாவும் ஒரே வேரினின்று கிளைத்து, நீக்குதல், பறித்தல் என்னும் பொருள் தருவன. களையத்தக்கது எதுவோ அதுவே களை. உழவைப் பற்றிக் கூறுமிடத்து ஏரையும் எருவையும் நீரையும் காவலையும் ஒருங்கே எண்ணும் திருக்குறளும், களை நீக்குதலைக் கட்டல் என்னும் அவ்வினையாலேயே குறிக்கின்றது. ஆகவே ஒரு செடியைக் களையென்று சுட்டும்போதே, அது நீக்கப்பட வேண்டியது என்னும் முடிவையும் உடன் கூறிவிடுகின்றோம்.

அம்முடிவை எடுக்கும் உரிமை, ஏர்பிடித்த கையினின்று நழுவுகின்ற காலம் இது. வயலில் களை எத்தனை, அதனால் நேரும் இழப்பு எவ்வளவு, எம்மருந்தை எவ்வளவு தெளிப்பது, தெளிக்காது விட்டால் விளைவு யாது என்பவற்றையெல்லாம் கணிப்பொறியே கணக்கிட்டுக் கூறும் முறை, மேலை நாடுகளில் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. இன்று அத்தகைய கணக்குகள் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன. ஒளிப்படக் கருவி பொருத்திய தெளிப்பான்களோ, ஓடுகின்ற ஓட்டத்திலேயே களையைக் கண்டு அதன்மீது மட்டும் மருந்தைப் பாய்ச்சுகின்றன. இவை நம் வரப்பில் வந்து நிற்கும் நாளும் தொலைவில் இல்லை.

இதனைக் கேட்டவுடன் நம்மிடையே இருவகையார் எழுவர். பொறி கூறினால் அது பொய்யாகாது என்று அதனை வணங்குவார் ஒரு சாரார். பொறியே நமக்கு வேண்டா, அஃது அயலார் சூழ்ச்சி என்று கதவடைப்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஆய்ந்து பார்க்கும் உழைப்பினின்று தப்பித்துக் கொள்பவர்களே. அயல்நாட்டு உழவர் இக்கருவிகளைக் கொண்டு எங்கு வென்றனர், எங்கு வழுக்கினர் என்று பார்த்தறிந்த பின்னரே நாம் கொள்வதும் தள்ளுவதும் முறையாகும்.

ஒப்புரு என்பது யாது?

வயலையும் பயிரையும் களையையும் எண்களாக மாற்றி, அவை ஒன்றையொன்று எவ்வாறு தாக்குகின்றன என்பதைக் கணக்குகளாகக் கோத்துக் கணிப்பொறிக்குள் அமைப்பதே ஒப்புரு. அதன் அடிப்படைக் கணக்குகளுள் ஒன்று களைக்கும் விளைச்சல் இழப்புக்கும் உள்ள தொடர்பு. 1985-இல் கசன்சு என்னும் ஆய்வாளர் இத்தொடர்பை ஓர் எளிய வளைகோட்டால் விளக்கினார். களைகள் அருகியிருக்கும்போது, ஒவ்வொரு களையும் பயிருக்குச் செய்யும் தீங்கு மிகுதி. எண்ணிக்கை பெருகப் பெருகக் களைகள் தம்முள்ளேயே ஒளிக்கும் நீருக்கும் முட்டிக்கொள்வதால், புதிதாக வரும் ஒவ்வொரு களையின் தீங்கும் குறைகின்றது. முழு இழப்பு ஓர் எல்லையை நோக்கிச் சென்று அடங்குகின்றது.

இதனால் அறியத்தக்கது ஒன்றுண்டு. வயல் நிறையக் களை மண்டிய பின் பாதியைப் பறிப்பதால் விளையும் நன்மை சிறிது; களை சிலவாக உள்ளபோது அவற்றை நீக்குவதால் விளையும் நன்மை பெரிது. இத்துடன், பயிருக்கு முன் முளைத்த களை பெருந்தீங்கும், பயிர் தழைத்து நிழல் பரப்பிய பின் முளைத்த களை சிறுதீங்கும் செய்யும் என்பதையும் கணக்கில் சேர்க்கின்றனர். முளைத்த ஓரிரு கிழமைக்குள் களைக்கொட்டை எடுக்கும் நம் உழவர் இவற்றைப் பட்டறிவால் அறிந்தவரே. ஒப்புரு செய்வது, அப்பட்டறிவுக்கு எண் கொடுப்பது. எண் கொடுத்தால் ஒப்பிடலாம், ஒப்பிட்டால் தேரலாம். கணிப்பொறியின் உண்மையான பயன் இவ்வளவே, இதுவும் சிறிதன்று.

ஓராண்டுக் கணக்கின் குறை

அமெரிக்காவின் வட கரோலினாவில் சோயா மொச்சைக்கென ஓர் ஒப்புரு அமைக்கப்பெற்று 1991-இல் ஆய்விதழில் வெளிவந்தது. நெபுராசுகாப் பல்கலைக்கழகத்தாரும் அவ்வழியே ஒன்றை அமைத்து, அண்டை மாநிலங்களுக்கும் விரித்தனர். உழவர் தம் வயலில் உள்ள களைகளின் வகை, எண்ணிக்கை, வளர்ச்சி, விளைபொருள் விலை ஆகியவற்றைத் தருவார். எம்மருந்தால் எவ்வளவு இழப்பைத் தவிர்க்கலாம், செலவு போக எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கணிப்பொறி ஒழுங்குபடுத்திக் காட்டும். தெளிக்காது விடுவதே ஊதியம் என்றாலும் அதனையும் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்கும் வழக்கத்தை நோக்க இது நல்ல முன்னேற்றமே.

ஆயினும் அக்கணக்கு பெரும்பாலும் அவ்வோராண்டுக் கணக்காகவே நின்றது. ஓர் எடுத்துக்காட்டால் இதன் குறையை விளக்குவோம். ஓர் ஏக்கரில் களையால் நேரும் இழப்பு 1,500 உருபா என்றும், அக்களையை நீக்க ஆகும் செலவு 2,000 உருபா என்றும் வைத்துக்கொள்வோம். களையை விட்டுவிடுக என்று ஓராண்டுக் கணக்குக் கூறும். அவ்வாண்டளவில் அது சரியே. ஆனால் விடப்பட்ட களை பூக்கும், காய்க்கும், விதை உதிர்க்கும். அவ்விதை மண்ணுக்குள் குவையாகக் கிடந்து அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் முளைக்கும். இவ்வாண்டு மிச்சப்படுத்திய 500 உருபா வருங்காலத்தினின்று வாங்கிய கடனாகும். கடனை எழுதாத கணக்கு எப்படி முழுக்கணக்காகும்?

அமெரிக்காவில் இதனினும் பெரியதோர் ஓட்டம் நிகழ்ந்தது. 1996-இல் கிளைபோசேட்டு என்னும் களைக்கொல்லியைத் தாங்குமாறு மரபணு மாற்றிய சோயா அங்கு விற்பனைக்கு வந்தது. பயிரை விட்டு மற்றனைத்தையும் கொல்லும் ஒரே மருந்து கிடைத்தபின், களையை எண்ணுவதேன், இனம் பிரிப்பதேன், கணக்கிடுவதேன் என்று உழவர் எண்ணினர். பத்தாண்டுக்குள் சோயாப் பரப்பின் பெரும்பகுதி அவ்விதைக்கு மாறிற்று. களையை எண்ணிக் கணக்கிடும் ஒப்புருக்களின் தேவையும் மங்கிற்று.

மண்ணோ எண்ணுவதை நிறுத்தவில்லை. நம் முளைக்கீரை, தண்டுக்கீரைகளின் பேரினத்தைச் சேர்ந்த பால்மர் கீரை என்னும் களை, கிளைபோசேட்டுக்கு மடியாத நிலையை எய்தியது 2005 அளவில் சியார்சியா மாநிலப் பருத்தி வயல்களில் உறுதிப்பட்டது. ஒரு பெண்செடி நூறாயிரக்கணக்கில் விதை உதிர்க்க வல்லது அக்கீரை. ஒரு செடி பிழைத்தாலும் அடுத்த ஆண்டு ஒரு படையே எழும். மருந்தொன்றையே நம்பியிருந்த பெரும்பண்ணைகள் களை பறிக்க மீண்டும் கூலியாட்களை அமர்த்த நேர்ந்தது. கைக்களை பழங்காலத்தது என்று நகைத்தவர்கள் கைக்களைக்கே திரும்பிய வரலாறு இது. எண்ணுதலைக் கைவிட்டவர்க்கு மண் கற்பித்த பாடமும் இதுவே.

ஒரு நாட்டின் எண் மறுநாட்டுக்கு ஆகாது

தென்மார்க்கு அரசு 1986-இல் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி ஆகியவற்றின் பயன்பாட்டை 1997-க்குள் பாதியாகக் குறைப்பதென்று ஒரு திட்டம் வகுத்தது. குறைக்க வேண்டுமாயின் எங்குக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பது தெரிதல் வேண்டும். அந்நாட்டு ஆய்வாளர்கள் தம் வயல்களில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்தி, எக்களையை எப்பருவத்தில் எம்மருந்து எவ்வளவில் கொல்லும் என்று அளந்தனர். அவ்வளவைகளைக் கொண்டு ஓர் ஒப்புருவை அமைத்தனர். குப்பியின்மேல் எழுதிய முழு அளவு எல்லா வயலுக்கும் வேண்டுவதில்லை. இளங்களையாயின் அதில் ஒரு பங்கே போதும் என்பதை அக்கருவி வயலுக்கு வயல் கணித்துக் கூறிற்று. குப்பியை விற்பவன் கூறாத செய்தி இது. மக்களின் வரிப்பணத்தில் மக்களின் ஆய்வாளர் செய்தமையாலேயே இது கூறப்பட்டது.

இனி, இதே அறிவுரையை மேற்கு ஆத்திரேலியாவுக்குக் கொண்டு செல்வோம். அங்குக் கோதுமைக்குப் பெரும்பகை ‘இரை’ப்புல் என்னும் ஒருவகைப் புல். இப்புல்லின் பூக்கள் அயற்செடியின் மகரந்தத்தால் சூல்கொள்வன. ஆகவே ஒரே வயலின் செடிகளுக்குள்ளும் மரபு வேறுபாடு மிகுதி. குறைந்த அளவு மருந்து தெளித்தால், சிறிதளவு தாங்கும் ஆற்றல் உள்ள செடிகள் பிழைக்கும். அவை தம்முள் கலந்து விதை கொடுக்கும். அச்சிற்றாற்றல்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சில தலைமுறைகளுக்குள்ளேயே மருந்துக்கு மடியாத வழி தோன்றுகின்றது என்று 2005-இல் அந்நாட்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. தென்மார்க்கில் நஞ்சைக் குறைத்த அறிவுரை, ஆத்திரேலியாவில் நஞ்சுக்கு மடியாத களையை வளர்க்கும் அறிவுரையாகிவிடும்.

இங்குக் கணக்கில் பிழையில்லை. கணக்குக்குரிய மண் வேறு, களை வேறு. ஒப்புருவுக்கும் தாய்நிலம் உண்டு. தாய்நிலத்தினின்று பெயர்த்து வேற்று மண்ணில் நடுங்கால், அம்மண்ணில் மீண்டும் அளந்தெடுத்த எண்களை அதற்கு ஊட்டுதல் வேண்டும். இதனைத் தென்மார்க்கினர் நன்கறிந்தவர். அவர்கள் நாட்டிலும் புல்வகைக் களைகள் பெருந்தொல்லை தரவே, மேற்கு ஆத்திரேலியாவில் பிறந்த ஓர் ஒப்புருவைத் தம் பயிருக்கும் தம் களைக்கும் ஏற்பத் திருத்தியமைத்து 2020-இல் வெளியிட்டனர். கடன் வாங்கியது கட்டமைப்பை. எண்களைக் கடன் வாங்கவில்லை.

பத்தாண்டுக் கணக்கு

அம்மேற்கு ஆத்திரேலிய ஒப்புருவே நம் கருத்தைப் பெரிதும் கவர்வது. அதன் பின்னணியை முதற்கண் அறிதல் நன்று. இரைப்புல் அந்நாட்டுக்கு உரியதன்று. ஐரோப்பியக் குடியேறிகள் செம்மறியாட்டு மேய்ச்சலுக்கென்று நடுநிலக்கடற் பகுதியினின்று கொண்டுவந்து தாமே விதைத்த புல் அது. ஆட்டு மயிருக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் அது செல்வப்புல். ஆட்டைக் குறைத்துக் கோதுமையைப் பெருக்கியபோது அதே புல் களையாயிற்று. செடி மாறவில்லை, தீர்ப்பு மாறிற்று.

பின்னர் மருந்து வந்தது. 1982-இல் தெற்கு ஆத்திரேலியாவில் இப்புல் ஒரு களைக்கொல்லிக்கு மடியாமை கண்டறியப்பட்டது. 1996-இல் கிளைபோசேட்டுக்கே மடியாத களை என உலகில் முதன்முதல் பதிவானதும் ஆத்திரேலியாவில் கண்ட இவ்விரைப்புல்லே. 2003-இல் மேற்கு ஆத்திரேலியக் கூலவயல்களில் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ மூன்றில் இருபங்கு வயல்களின் இரைப்புல் பெருவழக்காகத் தெளித்த ஒரு மருந்துக்கு மடியாததாக இருந்தது. மருந்துக்கு மேல் மருந்து என்னும் வழி அடைபட்டுவிட்டது.

இந்நிலையில், மேற்கு ஆத்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேவிடு பேனல், இசுடீபன் பவுல்சு முதலானோர் ஓர் ஒப்புருவை அமைத்து, அதனை 2004-இல் ஆய்விதழில் விளக்கினர். எவரும் கையாளத்தக்க எளிய விரிதாளில் அமைந்தது அது. ஓராண்டை விடுத்துப் பத்தாண்டு, அதற்கும் மேற்பட்ட ஆண்டுகள் என நீண்ட காலத்தை அது கணக்கிடும். மண்ணில் கிடக்கும் விதைக்குவையை ஆண்டுதோறும் கூட்டியும் கழித்தும் காட்டும். ஒவ்வொரு மருந்துவகையும் இன்னும் எத்தனை முறை தெளிக்கும் வரை வேலை செய்யும் என்பதையும் அது ஒரு கையிருப்பாக எண்ணும். மருந்தின் ஆற்றல் வற்றாத ஊற்றன்று, எடுக்க எடுக்கக் குறையும் குதிர்நெல் போன்றது என்னும் உண்மை அக்கணக்கில் அடங்கியுள்ளது.

மருந்து மட்டுமே அதிலுள்ள வழியன்று. விதைப்பைத் தாழ்த்தி, முதலில் முளைக்கும் புல்லை உழுதழிப்பது. விதையை நெருக்கி விதைத்துப் பயிரின் நிழலாலேயே புல்லை ஒடுக்குவது. ஓராண்டு பயிரைப் பசுந்தாளாக மடக்கியுழுவது. சிலவாண்டு நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டு ஆட்டின் வாயால் புல்லைக் குறைப்பது. அறுவடையின்போது பதருடன் வரும் புல்விதையைத் தனியே திரட்டி எரிப்பது ஆகிய அனைத்தையும் உழவர் ஆண்டுவாரியாகக் கோத்துப் பார்க்கலாம். கோதுமை அறுவடையின்போது இரைப்புல்லின் விதையிற் பெரும்பகுதி கதிரிலேயே உள்ளதால், இக்கடைசி வழி அந்நாட்டில் பெரும்பயன் தந்தது. புல்விதையை அறுவடையின்போதே நொறுக்கும் பொறியைப் படைத்தவரும் ஓர் உழவரே. தார்க்கன் என்னும் ஊரைச் சேர்ந்த இரே ஆரிங்டன் உருவாக்கிய அப்பொறி 2012-இல் விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, களத்துமேட்டில் பிறந்த அறிவு அது.

இவ்வொப்புருவின் தலையாய சிறப்பை இனிக் கூறுவோம். ‘இதனைச் செய்க’ என்று அது கட்டளையிடுவதில்லை. உழவர் தம் வழியைத் தாமே தேர்ந்து இடுவார்; அவ்வழியே சென்றால் பத்தாண்டில் புல் எத்தனை, வருவாய் எவ்வளவு என்று அது காட்டும். வேறு வழியை இட்டால் அதன் விளைவையும் காட்டும். உழவர் பலர் ஒரே அறையில் கூடி, தத்தம் வழிகளை இட்டுப் பார்த்து, ஒருவரோடொருவர் வழக்காடித் தெளியும் பயிற்சிகளில் அதனைப் பயன்படுத்தினர். பத்தாண்டுப் பிழையை வயலில் செய்து கெடாமல், ஒரு பொழுதில் தாளில் செய்து கற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. அங்கே கணிப்பொறி ஆண்டானாக நிற்கவில்லை. உழவரின் கையில் ஏர்போல, படிபோல ஒரு கருவியாக இருந்தது.

கணக்கில் வாராதவை

இவ்வொப்புருவின் வழியே பிலிப்பைன்சு நெல்வயலுக்கென ஒன்று அமைக்கப்பெற்று 2012-இல் வெளியாயிற்று. அது எடுத்துக்கொண்ட களை நமக்கு அயலானதன்று. நாம் உண்ணும் குதிரைவாலிக் கூலத்துக்கு நெருங்கிய உறவான காட்டுப்புல்லே அது. தமிழக நெல்வயல்களிலும் தலையாய களைகளுள் ஒன்று. இளம்பருவத்தில் நெல்லோடு நெல்லாக நின்று கண்ணை ஏய்க்கும். நெல்லின் இலை தண்டைத் தழுவுமிடத்தில் மெல்லிய தோல்போன்ற சிறுநாக்கு உண்டு, இப்புல்லுக்கு அஃதில்லை. களை பறிக்கும் நம் பெண்டிர் இதனைத் தொட்ட மாத்திரத்தில் பிரித்தறிவர்.

நமக்கும் இக்கணக்கின் தேவை வந்துவிட்டது. காவிரிப் படுகையில் மேட்டூர் நீர் காலந்தாழ்ந்து வரும் ஆண்டுகளிலும், நடவுக்கு ஆள் கிடைக்காத இடங்களிலும் நேரடி விதைப்பு கைக்கொள்ளப்படுகின்றது. நடவு வயலில் நாற்று முந்திக்கொள்ளும். தேங்கிய நீரும் களையை அடக்கும். நேரடி விதைப்பிலோ நெல்லும் களையும் ஒரே நாளில் பிறந்த உடன்பிறப்புகளாக ஓடும். ஆகவே களையின் வலிமை கூடுகின்றது. அதனைக் காட்டிக் களைக்கொல்லி விற்பவரும் கூடுகின்றனர். எந்தக் களைக்கு எது, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று கேட்க வேண்டிய உழவர், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் குப்பியோடு திரும்புகின்றார். ஆத்திரேலியா 1982-இல் கண்ட துன்பத்தின் வாயிலில் நாம் நிற்கின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.

ஆனால் அயலார் ஒப்புருவை அவ்வாறே கொணர்ந்து வைத்தால் வரும் கேட்டையும் சொல்லிவிடுதல் கடமை. ஒப்புரு தான் எண்ணுவதை மட்டுமே அறியும். ஊதியத்தை மட்டும் எண்ணச் சொன்னால், கைக்களை என்பது அதன் கண்ணுக்கு வெறும் செலவு. அச்செலவுதான் ஓர் ஊரின் உழைக்கும் பெண்டிர் பலர்க்கு வருவாய் என்பதை அஃது அறியாது. செலவைக் குறைக்க என்று அது கூறும் அறிவுரையில் எத்தனை அடுப்புகள் அணையும் என்பது எழுதப்பட்டிராது. உழவரின் கைமுதலும் மெலிந்தது, கூலியாளின் வயிறும் மெலிந்தது என்னும்போது, இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும் கணக்கே நமக்கு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆரைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் நெல்வயலில் முளைக்குங்கால் அயலார் பட்டியலில் களைகள். நம் பெண்டிர் மடியில் அவை மாலைக் கறியும் மருந்துமாம். பறித்த புல் கட்டாகிக் கறவைக்குத் தீனியாம். களைக்கொல்லி தெளித்த வயலில் கறியும் இல்லை, மருந்தும் இல்லை, தீனியும் இல்லை. இவற்றின் மதிப்பை எவ்வயல்நாட்டு ஒப்புருவும் எண்ணியதில்லை. எண்ண வேண்டிய கடன் அவர்க்கில்லை. அது நம் கடன்.

எம்மொழியில் எண்ணுவது?

ஒப்புரு உழவரிடம் முதலில் கேட்பது, உன் வயலில் என்ன களை, எத்தனை என்பதே. இக்கேள்வியை அயன்மொழியில் கேட்டால் விடை சொல்பவர் யார்? ஒவ்வொரு களையின் முளையையும் கிழங்கையும் விதையையும் அறிந்தவர் வாய் மூடி நிற்க, அம்மொழி கற்ற, வயலை அறியாத ஒருவர் அவருக்காக விடை எழுதுவார். தவறான விடைமேல் கட்டிய கணக்குத் தவறாகத்தானே முடியும்? இங்கு மொழி ஓர் அணியன்று. அளவையின் திருத்தமே மொழியில் தங்கியுள்ளது.

தென்மார்க்கு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 இலக்கம். நம் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் வாழ்வோரினும் குறைவு. அச்சிறுநாடு தன் களைகளைத் தானே எண்ணித் தன் மொழியிலேயே தன் உழவர்க்குக் கருவி செய்தது. நார்வே நாட்டார் அவ்வொப்புருவைத் தம் நிலத்துக்கேற்ப மாற்றித் தம் மொழியில் அமைத்துக்கொண்டனர். எட்டுக்கோடியை நெருங்கும் மக்களையும், ஈராயிரம் ஆண்டு உழவு இலக்கியத்தையும், வேளாண் பல்கலைக்கழகத்தையும் கொண்ட நாம், தமிழில் இஃது ஒல்லாது என்று கூறுவோமாயின் அது பொய். முயலாமைக்கு இட்ட முகமூடி.

ஆகவே தமிழன்பர்களே, வயலுக்குக் கணிப்பொறி வருவதைக் கண்டு மகிழவும் வேண்டா, மருளவும் வேண்டா. அது வரும்போது நான்கு கேள்விகள் கேட்போம். இதிலுள்ள எண்கள் எவர் மண்ணில் அளந்தவை? இக்கணக்கு எத்தனை ஆண்டை நோக்குகின்றது? இதனைச் செய்தவர்க்கு மருந்து விற்பனையில் பங்குண்டா? இறுதி முடிவு எவர் கையில் உள்ளது? நான்குக்கும் நேரிய விடை தரும் கருவியாயின் வரவேற்போம். விடை தர மறுப்பதாயின் வரப்பிலேயே நிறுத்துவோம்.

கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. வேளாண்மை பயிலும் நம் இளைஞர்கள் விடுமுறையில் தம் ஊர் வயல்களில் ஒரு சட்டத்தை வைத்து, அதனுள் முளைத்த களைகளைத் தமிழ்ப்பெயரோடு எண்ணி எழுதட்டும். எந்நாளில் முளைத்தது, நெல்லுக்கு முன்னா பின்னா, எப்போது பறித்தனர், என்ன விளைந்தது என்று ஆண்டுதோறும் குறிக்கட்டும். களை பறிக்கும் அன்னையரிடம் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் பெயர்களை ஒரு தொகுப்பாக்கட்டும். அத்தொகுப்பு ஓர் ஆய்வாளர் கைக்கு வருமாயின், தமிழ் மண்ணின் ஒப்புருவுக்கு அதுவே முதல் எண்ணாகும். எண்ணாதவர் வயலைப் பிறர் எண்ணுவர். எண்ணியவரே தீர்ப்பும் எழுதுவர். நம் வயலில் எது பயிர், எது களை என்னும் தீர்ப்பை நாமே எழுதுவோம்.